நாடக நோட்டீஸ்களைத் தன்னார்வலர் கையில் கொடுக்கும் முன்: நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பழைய தமிழ் நாடக நோட்டீஸ்களையும் நிகழ்ச்சி நிரல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் காத்துவரும் நூலகர்களுக்கும் ஆவணக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பெட்டிகளில் உள்ள நோட்டீஸ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி, அவற்றைப் படித்துத் தட்டச்சு செய்து தரும்படி பொதுமக்களை அழைக்கும் திட்டங்களை, அந்த வேலையைச் செய்யும் தன்னார்வலர்களாகிய நாங்கள் வரவேற்கிறோம். இதற்கு ஆள் கிடைப்பார்களா என்ற ஐயம் வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பிலேயே வளர்ந்தது. இணையத் திறந்த நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்ப்பவர்களும் சம்பளம் வாங்குவதில்லை. ஆட்கள் இருக்கிறார்கள். எதைத் தட்டச்சு செய்வது, எப்படிச் செய்வது, எதைச் செய்யக் கூடாது என்ற விதித்தாள்தான் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. அது இல்லாமல் தொடங்கும் திட்டத்தில் ஆயிரம் நோட்டீஸ் முடிந்த பிறகு, அந்த ஆயிரத்தையும் மறுபடி பார்க்க வேண்டி வரும். அதைத் தவிர்க்கவே இந்த மடல்.

இந்தத் தாள்களின் அருமை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதிகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை படித்தவர்கள் நடத்திய அமெச்சூர் சபை. அதன் வரலாறு எழுத்தில் இருக்கிறது. நாடகங்கள் அச்சாயின, நினைவுகளும் நூலாயின. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடித்த தொழில்முறைக் கம்பெனிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற புகழ்பெற்றவற்றைப் பற்றியாவது பின்னால் எழுதினார்கள். சிறு கம்பெனிகள் பல, கலைந்த அன்றே மறைந்தன. ஸ்பெஷல் நாடகத்தின் கதி இன்னும் மோசம். வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒரே ஓர் இரவுக்காக ஒன்று சேர்ந்து, விடிந்ததும் பிரிந்து போவார்கள். அன்று ராஜபார்ட் (நாயகன் வேடம்) யார், ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) யார், ஹார்மோனியம் யார் என்பதற்கு அந்த ஒற்றைத் தாளைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் கிடையாது. ஆகவே தாளில் இருப்பதைத் தட்டச்சு செய்பவர் மாற்றிவிட்டால், சரிபார்க்க வேறு மூலம் இல்லை.

இதிலிருந்துதான் முதல் விதி: படியெடுப்பது வேறு, விளக்குவது வேறு. இரண்டுக்கும் தட்டச்சுப் படிவத்தில் தனித்தனிக் கட்டம் வையுங்கள். தாளில் ‘கம்பேனி’ என்று இருந்தால் ‘கம்பேனி’ என்றே தட்டச்சாக வேண்டும். ‘ஹரிச்சந்திரா’, ‘அரிச்சந்திரன்’, ‘இராத்திரி’, ‘ராத்திரி’ எல்லாம் அச்சில் உள்ளபடியே வர வேண்டும். சந்தி விடுபட்டிருந்தால் விடுபட்டபடியே. தேடுவோருக்கான ஒருமைப்பட்ட வடிவம் பக்கத்துக் கட்டத்தில் இருக்கட்டும். அதை நிரப்புவது வேறொருவர், வேறொரு நாள் செய்யும் வேலை. இந்த விதியைச் சொன்னால் மட்டும் போதாது. கைப்பேசி விசைப்பலகைகளின் சொல் பரிந்துரையும் குரல்வழித் தட்டச்சும் பழைய எழுத்துக்கூட்டலைச் சத்தமில்லாமல் இன்றைய வடிவத்துக்கு மாற்றிவிடும். தட்டச்சு செய்தவர் அதைக் கவனிக்கவே மாட்டார். பரிந்துரையை அணைத்துவிட்டுத் தொடங்கும்படி விதித்தாளின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அச்சுப்பிழையும் தாளின் ஒரு பகுதிதான். தலைகீழாகக் கோத்த எழுத்து, விழுந்துபோன புள்ளி, இரண்டு முறை வந்த வரி ஆகியவற்றைத் திருத்தாமல், குறிப்புக் கட்டத்தில் ‘அச்சில் இவ்வாறே’ என்று எழுதினால் போதும். படிக்க முடியாத எழுத்துக்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி. சொல்லே போய்விட்டால் சதுர அடைப்பில் மூன்று புள்ளி. ஊகித்து நிரப்பக் கூடாது. ‘இங்கே இந்தப் பெயர்தான் வரும்’ என்று தெரிந்தவர்கள்தான் இந்தத் தவற்றை அதிகம் செய்கிறார்கள். கிழிந்த இடத்தில் ‘…ப்பா’ மட்டும் மிஞ்சியிருந்தால், அதைக் கிட்டப்பாவாகவோ சின்னப்பாவாகவோ ஆக்கும் உரிமை படியெடுப்பவருக்கு இல்லை.

சாதிப்பெயர், ‘தாசி’ போன்ற சொற்கள், இன்று யாரும் அச்சிடத் துணியாத அடைமொழிகள் எல்லாம் பழைய தாள்களில் தாராளமாக வரும். நல்லெண்ணத்தோடு சிலர் அவற்றை விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. மேடையில் இருந்த பெண்களை அன்றைய சமூகம் எப்படிக் குறித்தது என்பதற்கு அதுவே சான்று. படிப்பவருக்கான முன்னெச்சரிக்கையைத் தொகுப்பின் முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நடிகர் பட்டியல். மொத்த வேலையிலும் மிகக் கடினமான பகுதி இது. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள்கள் ஓடும் உரையைத் தமிழில் இன்று ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. ஆனால் இரண்டு பத்தியாக, நடுவில் புள்ளிக் கோடு ஓட, இடப்பக்கம் பாத்திரமும் வலப்பக்கம் நடிகரும் இருக்கும் பட்டியலில் அவை தடுமாறும். சில சமயம் இடப்பத்தி முழுவதையும் முதலில் படித்து, வலப்பத்தியைத் தனியாகக் கீழே கொட்டும். நடுவில் ஒரு வரி விடுபட்டால் அதற்குக் கீழே எல்லாப் பாத்திரமும் ஒரு நடிகர் தள்ளி நிற்கும். பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும், அதுதான் ஆபத்து. ஆகவே பாட்டுப் புத்தகத்துக்கு ஓ.சி.ஆர். போட்டுத் திருத்துங்கள். நடிகர் பட்டியலைக் கையால் மட்டும் தட்டச்சு செய்யுங்கள்.

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டம் தேவை: வரிசை எண், பாத்திரம், அச்சிலுள்ளபடி நடிகர் பெயர், குறிப்பு. வரிசை எண்ணை வீண் என்று நினைக்க வேண்டாம். பட்டியலில் யார் முதலில், யார் தனி வரியில், யார் பெரிய எழுத்தில் என்பதில் அன்றைய மதிப்பும் சம்பளமும் தெரியும். புள்ளிக் கோட்டைத் தட்டச்சு செய்ய வேண்டாம். மூன்று பெயர்களை ஒரு வளைந்த அடைப்பு இணைத்து ‘தோழிகள்’ என்று காட்டினால், மூன்று வரியிலும் ‘தோழிகள்’ வர வேண்டும். முதல் பெயருக்கு மட்டும் போட்டு மற்ற இரண்டையும் வெறுமையாக விடுவது மிகவும் பரவலான பிழை. ஒரே நடிகர் இரண்டு பாத்திரம் ஏற்றிருந்தால் இரண்டு வரி. மேற்படி என்பதற்குரிய ௸ குறியையோ, அதைப் போலவே அச்சான ‘ஷை’யையோ கண்டால், அச்சுக் கட்டத்தில் அப்படியே போட்டுவிட்டு, எதைச் சுட்டுகிறது என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும். இந்தக் குறியை அறியாதவர்கள் அதை நடிகர் பெயரின் முதலெழுத்தாக எடுத்துக்கொள்வார்கள்.

பட்டியல் முடிந்த இடத்தில் வேலை முடிந்ததாக நினைப்பதும் வழக்கம். கீழே பொடி எழுத்தில் ஹார்மோனியம், பிடில், மிருதங்கம், டோலக், பின்பாட்டு, சீன் எழுதியவர், கொட்டகைக் காண்ட்ராக்டர், ஏஜெண்டு என்று பெயர்கள் இருக்கும். பிரிட்டிஷ் நூலகம் 2017-இல் தன் பழைய நாடகச் சுவரொட்டிகளுக்குத் தன்னார்வலர்களை அழைத்தபோது, நாடகத் தலைப்பு, வகை, தேதி ஆகியவற்றைக் குறிப்பதிலிருந்து தொடங்கியது. அவ்வளவு பெரிய தொகுப்புக்கு அது நியாயமான தொடக்கம். நம்மிடம் மிஞ்சியிருப்பது குறைவு, அந்தக் குறைவிலும் பக்கவாத்தியக்காரர்களின் பெயருக்கு வேறு இடமே இல்லை. தாளில் உள்ள எல்லாப் பெயரையும் எடுத்தாக வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

பெயர் யாருடையது என்று அடையாளப்படுத்துவது, படியெடுப்பும் ஒருமைப்படுத்தலும் முடிந்த பிறகு மூன்றாவதாகச் செய்யும் வேலை. ‘செங்கோட்டை கிட்டப்பா’, ‘எஸ். ஜி. கிட்டப்பா’ இருவரும் ஒருவரே. ‘கொடுமுடி சுந்தராம்பாள்’, ‘கே. பி. சுந்தராம்பாள்’ என்பதும் அப்படியே, அந்த ‘கே’ கொடுமுடியைத்தான் குறிக்கிறது. சில நோட்டீஸ்களில் ‘கொடுமுடி கே. பி.’ என்று ஊர் இரண்டு முறை வரும், அதைக் குறைக்கக் கூடாது. இவ்வளவு புகழ் பெற்றவர்களை எளிதில் இணைத்துவிடலாம். ஆனால் ஒரே ஊர் அடைமொழியும் ஒரே பெயரும் கொண்ட இரண்டு பபூன்கள் (கோமாளி வேடக்காரர்கள்) இருந்திருக்கலாம். ஆகவே ஆளுக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, ‘இவர்தான்’, ‘இவராக இருக்கலாம்’ என்ற இரண்டு நிலைகளில் மட்டும் இணையுங்கள். பாத்திரத்தை வைத்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் கட்டம் வேண்டவே வேண்டாம். பாய்ஸ் கம்பெனிகளில் தமயந்தியும் சாவித்திரியும் சிறுவர்கள். அமெச்சூர் சபைகளிலும் ஆண்களே நாயகி வேடம் கட்டினார்கள். பெண்கள் ராஜபார்ட் போட்டதும் உண்டு.

நாடகத் தலைப்பிலும் இதே கவனம் வேண்டும். நடுவில் மரக்கட்டைப் படம் இருக்க, ‘பவளக்’ ஒரு பக்கமும் ‘கொடி’ மறுபக்கமும் அச்சாகியிருந்தால் அது ஒரே தலைப்பு. ‘அரிச்சந்திர மயான காண்டம்’ என்பது முழு அரிச்சந்திர நாடகம் இல்லை, இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் அடைக்கக் கூடாது. ‘கோவலன்’ என்று இருந்த உடனே ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் என்று எழுதிவிட வேண்டாம். அதே கதையை வேறு பலரும் எழுதினார்கள். தாளில் ஆசிரியர் பெயர் இருந்தால் மட்டும் ஆசிரியர் கட்டம் நிரம்பட்டும்.

இனி தேதி. நோட்டீஸ் என்பது அந்த வாரம் மட்டும் உயிரோடிருக்கும் தாள். படிப்பவருக்கு எந்த ஆண்டு என்று தெரியும் என்பதால் ஆண்டை அச்சிடாமலே விட்டிருப்பார்கள். ‘ஜூன் 14 சனிக்கிழமை இரவு 9½ மணிக்கு’ என்று மட்டும் இருக்கும். 1915-க்கும் 1945-க்கும் இடையில் ஜூன் 14 சனிக்கிழமையில் வந்த ஆண்டுகள் 1919, 1924, 1930, 1941. தேதியும் கிழமையும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. தாளின் தலையில் ‘பிரமோதூத ௵’ (௵ என்பது வருஷக் குறி) என்று இருந்தால் 1930 என்று உறுதியாகும், ஏனென்றால் அறுபதாண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டு 1930 சித்திரையில் தொடங்கி அடுத்த பங்குனியில் முடிகிறது. இங்கேயும் ஒரு வழுக்குமிடம் உண்டு. பிரமோதூத வருஷத் தை மாதம் 1931 ஜனவரியில் வருகிறது. மார்கழிப் பிற்பாதி, தை, மாசி, பங்குனி மாத நோட்டீஸ்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூட வேண்டும் என்பதை விதித்தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

௳, ௴, ௵ என்ற நாள், மாத, ஆண்டுக் குறிகளும் ௹ என்ற ரூபாய்க் குறியும் யூனிகோடில் இருக்கின்றன. அவற்றை விசைப்பலகையில் தேட விடாமல், தட்டச்சுப் பெட்டிக்கு மேலே பொத்தான்களாக வையுங்கள். தமிழ் எண்களுக்கும் அப்படியே. பொத்தான் இல்லாவிட்டால் ௧ என்பதற்குக் ‘க’வும், ௨ என்பதற்கு ‘உ’வும், ௭ என்பதற்கு ‘எ’வும், ௮ என்பதற்கு ‘அ’வும், ௰ என்பதற்கு ‘ய’வும் வந்து விழும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அது தேதியே இல்லை. பதினான்கு என்பது ௧௪ என்றும் ௰௪ என்றும் அச்சாகும். ௲௯௱௩௰ என்றால் 1930. அச்சுக் கட்டத்தில் உள்ளபடி, பக்கத்தில் 1930.

ஆண்டே இல்லாத தாளுக்கு வேறு தடயங்கள் உதவும். டிக்கெட் விலை ‘ரூ. 1-8-0’ என்று ரூபாய், அணா, பை கணக்கில் இருந்தால், அது பெரும்பாலும் நயா பைசா வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘ந. பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். சென்னை மாகாணக் கேளிக்கை வரிச் சட்டம் 1939-இல் வந்தது, ஆகவே ‘வரி தனி’ என்ற வாசகம் பெரும்பாலும் அதற்குப் பிந்திய காலத்தைக் காட்டும், ஆனால் அது உறுதியில்லை. ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972-க்குப் பிறகு. அடியில் உள்ள அச்சகப் பெயரை விட்டுவிடக் கூடாது. 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் தாளில் போடச் சொன்னது. ஒரே அச்சகத்தின் தேதியுள்ள தாள்களோடு எழுத்துருவையும் ஓரப்பூவையும் ஒப்பிட்டு ஆண்டை நெருங்க முடியும். இப்படிப் பெற்ற ஆண்டு எல்லாம் ‘கணித்த ஆண்டு’ என்ற கட்டத்துக்குத்தான் போக வேண்டும், எதை வைத்துக் கணித்தோம் என்ற ஒரு வரியோடு. காரணம் இல்லாத ஆண்டைப் பின்னால் வருபவர் நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

விலையை இன்றைய கணக்குக்கு மாற்ற வேண்டாம். சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று வகைக்கு ஒரு வரி, அதன் எதிரே 0-4-0 என்று உள்ளபடி. ‘ஸ்திரீகளுக்குத் தனி இடம்’ போன்ற வாசகங்கள் விலைக் கட்டத்தில் காணாமல் போகும், அவற்றுக்குத் தனிக் கட்டம் கொடுங்கள்.

எழுத்து வடிவம் பற்றிப் பல தன்னார்வலர்களுக்குக் குழப்பம் வரும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் அச்சான தாள்களில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகள் பழைய உருவில் இருக்கும். அவை வேறு எழுத்துகள் அல்ல, உருவம்தான் வேறு. வழக்கமான விசையையே அழுத்த வேண்டும். பழைய உருவங்களையும் இன்றைய உருவங்களையும் அருகருகே காட்டும் ஒரு படத்தை, நோட்டீஸ்களிலிருந்தே வெட்டியெடுத்து, விதித்தாளில் ஒட்டுங்கள். ‘உள்ளபடி’ என்ற விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு பழைய எழுத்துருவைத் தேடி அலைபவர்களை அது காப்பாற்றும்.

யூனிகோட் விஷயத்தில் உங்கள் தொழில்நுட்பக் குழுவிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ‘கொ’ போன்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாக உள்ளிடும். சமர்ப்பிக்கும்போது, துண்டுகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்.எஃப்.சி. ஒழுங்காக்கம் செய்தால் இது தீரும். ‘ஸ்ரீ’ என்பது அப்படித் தீராது. அதை ‘ஸ’ வழியாகவும் ‘ஶ’ வழியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. நாடக நோட்டீஸில் ‘ஸ்ரீ’ இல்லாத வரி அபூர்வம் என்பதால், இதை விட்டால் தேடல் பாதியாகிவிடும். ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும்போதே மாற்றிவிடுங்கள். மூன்றாவது ஔகாரம். ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ‘ள’கரமுமாகக் ‘கெளரவம்’ என்று அடிப்பவர்கள் மிகப் பலர். இதைத் தானாகத் திருத்தும் நிரல் எழுத வேண்டாம். ‘வெளக்கு’, ‘வெளங்குது’ என்று பபூன் பேசும் வசனம் பாட்டுப் புத்தகத்தில் உண்டு, நிரல் அதையும் கெடுத்துவிடும். சந்தேகக் குறி மட்டும் போட்டு, ஓர் ஆள் பார்க்கட்டும்.

ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக. வண்ணத்தில், 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 400 புள்ளி), டிஃப் (TIFF) படக் கோப்பு, இரண்டு பக்கமும். தாள் மெல்லியது, மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியும். பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் குறையும். ரோஸ், பச்சை நிறத் தாள்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பொடி எழுத்து அழிந்துவிடும். ஓரத்தை வெட்டக் கூடாது, அச்சகப் பெயரும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

சரிபார்ப்பு முறைக்கு வருவோம். விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கத்தை வேறொருவர்தான் சரிபார்த்துப் பச்சை நிறம் கொடுக்க முடியும். ஓடும் உரைக்கு அது போதும். பெயர்ப் பட்டியலுக்கும் தேதிக்கும் விலைக்கும் போதாது. முன்னவர் எழுதியதைப் பார்த்துக்கொண்டே படிப்பவரின் கண், தாளை விட்டுவிட்டு அந்த எழுத்தையே நம்பத் தொடங்கும். பெயரில் பிழை இருந்தால் பொருளை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஆகவே இந்த மூன்றையும் இருவர் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்காமல் தட்டச்சு செய்ய வேண்டும். மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் கட்டங்களை மட்டும் மூன்றாமவருக்கு அனுப்ப வேண்டும். ஒப்பிடும்போது இடைவெளியைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய அச்சில் சொற்களுக்கிடையே இடைவெளி கோத்தவரின் வசதிப்படி இருக்கும், அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத்தான் காண்பார்கள்.

தொடங்கும்போது ஐம்பது நோட்டீஸ் போதும். வெவ்வேறு பத்தாண்டு, வெவ்வேறு அச்சகம், மோசமாகக் கிழிந்த சில, ஸ்பெஷல் நாடகம் சில என்று கலந்து எடுங்கள். எந்தக் கட்டத்தில் இருவரும் அதிகம் மாறுபடுகிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கட்டத்துக்கான விதி தெளிவாக இல்லை என்று பொருள், ஆட்களைக் குறை சொல்ல வேண்டாம். விதியைத் திருத்தி, அதே ஐம்பதை வேறு இருவரிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு கதவைத் திறக்கலாம். ஒரு பணி அரை மணிக்குள் முடியுமாறு பிரியுங்கள். பாட்டுப் புத்தகம் என்றால் பக்கத்துக்கு ஒரு பணி. கேள்வி கேட்டால் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல ஓர் ஆளை நியமியுங்கள். பதில் வராத திட்டத்திலிருந்து முதலில் வெளியேறுபவர்கள், எழுத்தைக் கவனித்துப் படிக்கத் தெரிந்தவர்கள்தான்.

அண்மைக்காலத்து ஸ்பெஷல் நாடக நோட்டீஸ்களில் நடிகர்கள், ஏஜெண்டுகளின் தொலைபேசி எண்களும் வீட்டு முகவரிகளும் இருக்கும். பொதுவில் வைக்கும் படத்தில் அவற்றை மறைத்துவிடுங்கள், மூலப் படத்தை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு நிபந்தனை. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தரவு முழுவதையும் யாரும் இறக்கிக்கொள்ளும் வகையில், ஒரு சி.எஸ்.வி. கோப்பாக (எந்த அட்டவணை மென்பொருளும் திறக்கும் எளிய கோப்பு), மறுபயன்பாட்டுக்குத் தடையில்லாத உரிமத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். அச்சுக் கட்டம், ஒருமைப்படுத்திய கட்டம், கணித்த கட்டம் மூன்றும் தனித்தனியாக அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் உங்கள் தொகுப்பின் நிலையான எண் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு நூலகத்தில் உள்ள மதுரை நோட்டீஸையும் இன்னொன்றில் உள்ள கும்பகோணம் நோட்டீஸையும் சேர்த்து, ஒரு கம்பெனி எந்த மாதம் எந்த ஊரில் முகாமிட்டது என்று வரைய முடியும். தரவை உள்ளே பூட்டி வைத்துத் தேடல் பெட்டியை மட்டும் காட்டும் திட்டத்துக்கு எங்கள் உழைப்பைத் தர மாட்டோம், மற்றவர்களையும் தரச் சொல்ல மாட்டோம்.

உங்கள் விதித்தாளின் வரைவையும் அந்த முதல் ஐம்பது நோட்டீஸ்களையும் பொதுவில் வையுங்கள். வரி வரியாகப் படித்துத் திருத்தம் சொல்லவும், முதல் சுற்றுத் தட்டச்சை ஏற்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

அன்புடன்,
நாடக நோட்டீஸ் படியெடுப்புத் தன்னார்வலர்கள்